ஒன்பது மணிக்குப் பிறகு நீராவி யாருக்கு?

போன மாதம் ஒரு இளம் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். இணை மின் உற்பத்திக்கு அரசு புதிதாக ஏதோ கொள்கை கொண்டுவருகிறதாம். பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். "மேடம், உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டார். உங்கள் காலத்தில் நெருப்பைக் கண்டுபிடித்துவிட்டார்களா என்று கேட்பதுபோல இருந்தது எனக்கு. இருந்தது தம்பி, செஞ்சியில் ஒரு அரிசி மில்லில் ஒரே ஒரு பருவம் இருந்தது என்றேன். அதற்கு மேல் எதை முதலில் சொல்வது என்று குழம்பிவிட்டேன். மேடையில் நின்றாலும் இப்படித்தான் ஆகும். அதனால் பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செஞ்சிக்குப் பக்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாழும் ஒரு கிராமம் என்னுடையது. நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் விளையும் ஊர். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குக் கரெண்ட்டு படிப்பு?" என்று கேட்ட உறவினர்களிடம் என் நைனா, "எங்க ஊட்ல பீஸு போனா போட ஆளு வேணாமா?" என்று சொல்லி வாயை அடைத்தார். கல்லூரி, தேர்வு, பயிற்சி, புடவை கட்டிய பெண் கம்பத்தின் கீழே நின்று ஆட்களிடம் வேலை வாங்க முடியுமா என்ற பெரிய விவாதம், இவற்றையெல்லாம் தாண்டி எண்பதுகளின் நடுவில் மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளராகச் செஞ்சிக்கே வந்து சேர்ந்தேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி சபாநாயகம் சார். உதவி செயற்பொறியாளர். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தாழும். ரொம்ப மெதுவாகப் பேச ஆரம்பித்தால் லைன்மேன்கள் ஒவ்வொருவராகக் கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். எந்த மோட்டாரைப் பார்க்கப் போனாலும் முதலில் புறங்கையை அதன்மேல் வைப்பார், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிற்பார். தெரியாது என்று சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார். தெரிந்ததுபோல் சமாளித்தால் அன்றைக்கு அவருடைய ஜீப்பில் நமக்கு இடம் கிடையாது, பஸ் பிடித்துத்தான் திரும்ப வேண்டும். அனந்தபுரத்திலிருந்து நான் அப்படி பஸ்ஸில் வந்த கதை அலுவலகத்தில் ரொம்ப நாள் ஓடியது.

அந்த வருஷங்களில் மின்வெட்டு ஊரையே ஆட்டிவைத்தது. காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம், நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் கொஞ்ச நேரம். கரெண்ட்டு எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். அப்போதுதான் மேலிருந்து ஒரு ஆணை வந்தது. சொந்தமாக அடுப்பு மூட்டி நீராவி எடுக்கும் ஆலைகள் அதே நீராவியில் மின்சாரமும் எடுக்கலாம்; அதற்குத்தான் இணை மின் உற்பத்தி என்று பெயர். இயந்திரத்தை அரசு தரும், மின்வரியில் விலக்கு தரும், மிஞ்சிய மின்சாரத்தை நம்முடைய லைனில் விட்டுக்கொள்ள அனுமதியும் தரும். முன்மாதிரியாகச் சில இடங்களில் நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்துக்கு ஒரு இயந்திரம், நீராவி இஞ்சினும் அதோடு சேர்ந்த ஜெனரேட்டரும், ஒதுக்கியிருந்தார்கள்.

செஞ்சியில் நீராவி என்றால் அரிசி மில்தான். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்க வேண்டும். அதற்கு எரிக்க வேண்டிய உமி மில்லுக்குப் பின்னாலேயே குவிந்து கிடக்கும். கோட்டைக்கு மூன்று மலை, உமி நாலாவது மலை என்று நாங்கள் கேலி செய்வோம். சபாநாயகம் சார் ஊரில் இருந்த மில்களையெல்லாம் பார்த்துவிட்டு, திண்டிவனம் சாலையில் இப்ராகிம் பாயின் மில்லைத் தேர்ந்தெடுத்தார். பாய் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செஞ்சியில் தானிய வியாபாரம் செய்வது. வெட்டு நேரத்தில் மில் நின்றுபோவதால் நெல் கொண்டுவருபவர்கள் எல்லாம் டீசல் இஞ்சின் வைத்திருந்த அவலூர்பேட்டை மில்களுக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். பாய் கேட்ட ஒரே கேள்வி, "மில்லு நிக்காம ஓடுமா சார்?"

அங்கே களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் இருபது பேர் போல இருந்தார்கள். அவித்த நெல்லைக் களம் முழுக்கப் பரப்பி, காலால் சால் சாலாகத் துழாவிக்கொண்டே நடந்து, சாயங்காலத்துக்குள் காயவைத்து அள்ளிவிடுவார்கள். அவர்களுக்குத் தலைவிபோல இருந்தவர் கன்னியம்மா அக்கா. இயந்திரம் வந்து இறங்கிய அன்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏம்மா கரெண்ட்டம்மா, ஆவிய நீங்க புடிச்சிக்கிட்டா எங்க நெல்லு எதுல வேவும்?"

"ஆவி மொதல்ல இஞ்சின ஓட்டும் அக்கா. ஓட்டிட்டு வெளிய வரும்போதும் அதுல சூடு நெறைய இருக்கும். அந்தச் சூட்டுல நெல்லு வேவும்."

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்ற."

"அதேதான்."

"சரி, அந்த ரெண்டு மாங்காவும் யாருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இன்றைக்கும் எந்தக் கொள்கை அறிக்கையைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி அதுதான்.

நெல் அவிப்பது விடியும் முன்பே தொடங்கும். விடிகாலை மின்வெட்டு வரும்போது எங்கள் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மில்லையும் பக்கத்தில் களத்துப் பெண்கள் குடியிருந்த தெருவையும் பொது லைனிலிருந்து பிரித்து, இந்த இயந்திரத்தின் மின்சாரத்திலேயே ஓட்டுவோம். ஊரே இருண்டு கிடக்க, அந்த ஒரு தெருவில் பல்பு எரியும். வெட்டு முடிந்து பொது லைனில் மின்சாரம் வந்ததும் எங்கள் இயந்திரத்தை அதோடு இணைக்க வேண்டும். வேலையிலேயே நுணுக்கமான வேலை அதுதான். சப்பரம் தூக்குகிறவர்கள் கால் மாறாமல் அடி வைக்க வேண்டும் அல்லவா, அதுபோல இரண்டு மின்சாரமும் ஒரே அடியாக வர வேண்டும். கொஞ்சம் தவறினாலும் இயந்திரம் ஒரே உதறலில் பாழாகிவிடும்.

அதைப் பார்த்துச் சொல்ல எங்களிடம் இருந்தது மூன்று சாதாரண பல்புகள். இரண்டு மின்சாரத்துக்கும் நடுவில் அவற்றை மாட்டியிருந்தோம். அடி ஒத்துப்போகாதபோது மூன்றும் பளிச்சென்று எரியும், மங்கும், மறுபடி எரியும். இஞ்சினுக்குப் போகும் நீராவியை வால்வில் நூல் நூலாகக் கூட்டிக் குறைக்க வேண்டும். எரிவதும் மங்குவதும் மெதுவாகிக்கொண்டே வரும். கடைசியில் மூன்று பல்பும் அணைந்து இருட்டாக நிற்கும் ஒரு நேரம் வரும். அந்த இருட்டின் நடுவில் சுவிட்சைப் போட வேண்டும். சபாநாயகம் சார் முதல் இருட்டில் போடவே மாட்டார். அதை விட்டுவிடுவார். இரண்டாவதையும் விட்டுவிடுவார். கை சுவிட்சின்மேல் இருக்கும், கண் பல்பின்மேல் இருக்கும். களத்தில் பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். மூன்றாவது இருட்டில் 'டக்' என்று போடுவார். இஞ்சின் சத்தம் துளியும் மாறாது. பாய் தன்னையறியாமல் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார், நான் சிலுவை போட்டுக்கொள்வேன், சார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவர் சுவிட்சை விட்டு நகர்ந்து, "நீங்க போடுங்கம்மா" என்றார். நானும் இரண்டு இருட்டை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் போட்டேன். அந்த ஒரு காலைக்குத் திரும்பிப் போக முடியுமென்றால் என்னுடைய பதவி உயர்வுகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சிக்கல் காலை ஒன்பது மணிக்கு வந்தது. அதற்குள் அவித்து முடித்துவிடுவார்கள். அப்போதுதான் நெல்லுக்கு முழு வெயிலும் கிடைக்கும். அவித்த பிறகு நீராவிக்கு மில்லில் வேலையே இல்லை. இஞ்சினோ மில்லை ஓட்டவும் மிஞ்சியதை லைனில் விடவும் பகலெல்லாம் ஓட வேண்டும். வெளியே வரும் நீராவியை வானத்துக்கு விட்டால், உமியை எரித்து மேகம் செய்த கதைதான். தலைமை அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் உடனே வந்தது. நீராவியில் ஓடும் உலர்த்தி ஒன்றை அனுப்புகிறோம், நெல்லை இனி அதில் காயவைக்கலாம், பகல் முழுக்க நீராவி செலவாகும்.

கணக்குப்படி அது சரியான பதில்தான். அந்த உலர்த்தி வந்தால் களம் வேண்டாம். களம் வேண்டாம் என்றால் கன்னியம்மா அக்காவும் மற்றப் பெண்களும் வேண்டாம். செஞ்சியில் அவர்களுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? விதைப்பும் அறுப்பும் வருஷத்தில் சில வாரம். கடிதத்தைப் படித்த சார் ரொம்ப மெதுவாகப் பேசினார். "மேரியம்மா, கொஞ்சம் டைம் கேளுங்க. இந்த ஊர்ல ஒம்பது மணிக்கு மேல சூடு வேணும்னு யாராவது இருப்பாங்க. தேடலாம்."

அப்படித்தான் உப்பு விற்பவர்கள் தெருத் தெருவாகப் போவதுபோல நாங்கள் இரண்டு பேரும் நீராவி விற்கக் கிளம்பினோம். ஓட்டல்காரரிடம் கேட்டோம். "இட்லியில உமி வாசனை அடிச்சா எவன் சார் திம்பான்?" என்றார். உமி அடுப்பில்தான் எரிகிறது, குழாயில் வருவது வெறும் ஆவி என்று எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை. வெள்ளாவி வைக்கும் சலவைக்காரரிடம் போனோம். "நாங்க ராவுல வெச்சி காலைல எடுக்கறோம் சார். உங்க ஆவி பகல்ல வந்தா நான் துணிய எப்ப தொவைக்கிறது?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். ஆஸ்பத்திரியில் கருவிகளை வேகவைக்க வேண்டும், ஆனால் அது ஊரின் மறுகோடியில் இருந்தது. நாலைந்து நாள் அலைந்து களைத்து, மில்லின் பின்சுவரில் சாய்ந்து நின்றபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விறகுப் புகை வந்து கண்ணைக் கரித்தது. எட்டிப் பார்த்தால் ஏழுமலை அண்ணனின் சாயப்பட்டறை. கைலிக்கு நூல் சாயம் போடுவதற்குக் காலையிலிருந்து சாயங்காலம்வரை தொட்டி தொட்டியாகத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறோம். சார் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஏழுமலை அண்ணன் முதலில் நம்பவில்லை. "அடுத்தவன் அடுப்ப நம்பி ஒல வெக்க சொல்றீங்களே சார்" என்றார். ஒரு வாரம் சும்மா பாருங்கள் என்று சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை இழுத்துவிட்டோம். வாரம் முடிந்ததும் அவரே வந்து இன்னொரு தொட்டிக்கும் குழாய் கேட்டார். அதுவரை வேலிக்காத்தான் விறகுப் புகையில் இருமிக்கொண்டிருந்த அவருடைய மனைவி எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

பொங்கல் கழிந்து தொடங்கி கோடை முடியும்வரை அது நடந்தது. உமி எரியும். இஞ்சின் ஓடும். நெல் வேகும், பிறகு நூல் வேகும். களத்தில் பெண்கள் காலால் சால் இழுத்துக்கொண்டு போவார்கள், பின்சுவருக்கு அப்பால் சிவப்பும் பச்சையுமாக நூல் தொங்கும். அவலூர்பேட்டைக்குப் போன வண்டிகள் திரும்பி வந்தன. ஒரு துளிச் சூடும் வீணாகவில்லை, ஒரு ஆளும் வேண்டாதவராகவில்லை. என் பணிக்காலத்தில் இதைவிடப் பெரிய நிலையங்களையெல்லாம் பார்த்துவிட்டேன். எதுவும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

ஆனால் செஞ்சிக்காரர்களுக்கு இருந்த சில வழக்கங்கள் எந்த ஆணையிலும் எழுதப்படவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் மில் நிற்கும். அமாவாசையன்று சாயப்பட்டறையில் தொட்டியைத் தொட மாட்டார்கள். அந்த நேரங்களில் இஞ்சினையும் நிறுத்திவிடுவோம், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. உலர்த்தி வேண்டுமா என்று நேரில் பார்த்து முடிவு சொல்ல வரும் அதிகாரி அந்த நாட்களைத் தவிர்த்து வரட்டும் என்று சார் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்தும் இருந்தார்.

அதிகாரி வந்தது அமாவாசையன்று. காரணம், மேல்மலையனூர். அமாவாசைக்கு அம்மனைப் பார்க்க வேண்டும் என்று அவர் வீட்டில் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்ததுபோல, மனைவி, மாமியார், பூக்கூடை சகிதம் அலுவலக ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரே ஜீப்பில் இரண்டு வேலை. அவரும் ஒருவகையில் இணை உற்பத்திதான்.

"இன்னிக்கு ஓட்டிக் காட்டுங்க" என்றார். நீராவி பகலெல்லாம் செலவாகிறது என்று காட்ட முடியாவிட்டால் உலர்த்தி வந்துவிடும். ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டு ஒருநாள் பட்டறையைத் திறக்கச் சொல்லலாமா என்று நான் சாரின் காதில் கேட்டேன். "அவரு வழக்கம் அவருக்கு. நம்ம ரிப்போர்ட்டுக்காக யாரும் அமாவாசைய மாத்த வேணாம்" என்றார்.

நாங்கள் பேசியது களத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். கன்னியம்மா அக்கா நேராகப் பின்பக்கம் போய்ச் சுவர்மேல் எட்டிக் கூப்பிட்டார். "ஏழுமல, உன் தொட்டியில வெறும் தண்ணி கொதிச்சா குத்தமா?"

அந்தப் பக்கம் யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு சுவரருகே வரும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் தொட மாட்டேன். நீங்க வேணும்னா கொதிக்க வெச்சிக்கங்க" என்ற குரல் வந்தது.

அதிகாரி பட்டறைக்குள் நுழைந்தபோது தொட்டிகளிலெல்லாம் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. களத்துப் பெண்களில் பாதிப் பேர் குடத்தில் மொண்டு மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அமாவாசை, தலைக்கு ஊற்றிக்கொள்கிற நாள். தெருவில் இருந்த பிள்ளைகளையெல்லாம் பிடித்துவைத்து வெந்நீர் ஊற்றினார்கள். ஒரு கிழவர் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்.

"என்ன சாயம் போடறாங்க?" என்று கேட்டார் அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் சபாநாயகம் சார் சொன்னார். "சாயம் இல்ல சார். வெந்நீர். பட்டறைக்கு இன்னிக்கு லீவு. உலர்த்தி வந்தா இவங்களுக்கு வேலை போயிடும், அதனால ஆவிய செலவு பண்ணிக் காட்டறாங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. கன்னியம்மா அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றார். அதிகாரி சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. "மிஸ்டர் சபாநாயகம், நீங்க பொய் சொல்லத் தெரியாதவர். ஆனா சூடு தினமும் செலவாகுமான்னு எனக்கு எழுதித் தர ஆள் இல்லையே. நாளைக்கு இந்தப் பட்டறைய மூடிட்டா? அடுத்தவன் பட்டறைய நம்பறதுக்கு ஸ்கீம்ல இடமில்லை" என்றார். மாமியார் ஜீப்பிலிருந்து நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார். மலையனூருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

உத்தரவு வந்தது. உலர்த்தியை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இயந்திரம் வேறு ஊருக்குப் போகும். பாயிடம் படித்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போனால் வெட்டு நேரத்தில் பழையபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், வண்டிகள் மறுபடி அவலூர்பேட்டைக்குத் திரும்பும். அது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

"மிசின்ல காஞ்ச நெல்லு அரிசி செஞ்சிக்காரனுக்கு ருசிக்காது சார்" என்றார் கடைசியில்.

செஞ்சிக்காரர்கள் அப்படி ஒரு அரிசியைத் தின்று பார்த்ததே இல்லை. பாய் உட்பட.

சபாநாயகம் சார் கண்ணாடியைத் துடைத்தார். "சரி பாய். ருசி முக்கியம்" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டுபோன பிறகு நான் சில நாள் அந்தச் சாலைப்பக்கமே போகவில்லை. பெண்களுக்கு வேலை நிலைத்தது. அதில் எனக்குச் சந்தோஷம், சத்தியமாகச் சந்தோஷம். ஆனால் இஞ்சினுக்காக ஏங்கியது ஏங்கியதுதான். இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், இருந்தது. அந்த மெஷின் மட்டும் நின்றிருந்தால் என்று நினைப்பு வரும்போதெல்லாம், இந்தப் பெண்களுக்குத் துரோகம் நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும். சாருக்கு மாற்றல் வந்தது, பிறகு எனக்கும். அவர் இப்போது இல்லை. பாய்க்குப் பிறகு மில்லை எடுத்தவர்கள் பல வருஷம் கழித்து வேறொரு உலர்த்தியை வாங்கிப் போட்டார்கள். அதற்கு யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் செஞ்சி பஸ் நிலையத்தில் கன்னியம்மா அக்காவைப் பார்த்தேன். நன்றாக வயதாகிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்த அவலூர்பேட்டைக்குப் போக நின்றிருந்தார். என்னைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டுபிடித்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு, பிள்ளைகள், முட்டிவலி எல்லாம் பேசி முடித்தோம்.

"ஏன் மேரிம்மா, அந்த மிசினு இப்ப எங்க இருக்குது?"

அவர் அதைக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. எந்த ஊரிலும் மறுபடி மாட்டவில்லை என்றும், மின்வாரிய ஸ்டோர் வாசலில் மழையில் கிடந்து துருப்பிடித்ததை எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னேன்.

"அடப்பாவிங்களா" என்றார் கன்னியம்மா அக்கா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லா ஓடுச்சேம்மா அது."

அவலூர்பேட்டை பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லி என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.